ஒரு யூனிட்டுக்கு இரண்டு விலை: இ.டி.எஃப் முதலீடு குறித்து ஓர் ஆய்வு

மியூச்சுவல் ஃபண்ட் வாங்குகிறவருக்கு ஒரே விலைதான் உண்டு. அன்றைய வர்த்தகம் முடிந்தபின் ஃபண்ட் நிறுவனம் கணக்கிட்டு அறிவிக்கும் நிகர சொத்து மதிப்பு, அதாவது என்.ஏ.வி. பங்குச்சந்தையில் பங்குபோலக் கைமாறும் ஃபண்டான இ.டி.எஃப்-ஐ வாங்குகிறவருக்கோ இரண்டு விலை. யூனிட்டுக்குள் இருக்கும் பங்குகளுக்கோ தங்கத்துக்கோ கடன்பத்திரங்களுக்கோ உள்ள மதிப்பு ஒன்று. பங்குச்சந்தையில் அந்த யூனிட்டை யாரோ ஒருவர் விற்க முன்வரும் விலை இன்னொன்று. இரண்டும் ஒட்டி நகரும்வரை, சாதாரணச் சேமிப்பாளருக்கு இவ்வளவு மலிவான முதலீட்டு வழி வேறு அதிகம் இல்லை. இரண்டும் விலகினால் நஷ்டம் வாங்கியவர் தலையில்தான் விழும். அந்த நஷ்டம் எந்தக் கணக்கு அறிக்கையிலும் தனி வரியாக வராது.

இ.டி.எஃப் பற்றிய விளம்பரங்களும் அறிமுகக் கட்டுரைகளும் குறைந்த செலவைத்தான் முன்னிறுத்துகின்றன. அது உண்மை, ஆனால் பாதி உண்மை. யூனிட் எப்படி உருவாகிறது, அந்த வழி எப்போது அடைபடுகிறது என்று தெரியாமல் வாங்குபவருக்குக் குறைந்த செலவால் மட்டும் பாதுகாப்பு வந்துவிடாது.

கிடங்கு ரசீதில் பிறந்த யோசனை

1987 அக்டோபர் 19 அன்று அமெரிக்காவின் டவ் ஜோன்ஸ் குறியீட்டெண் ஒரே நாளில் 22.6 சதவீதம் சரிந்தது. அதை ஆராய்ந்த அந்நாட்டுக் கண்காணிப்பு ஆணையமான எஸ்.இ.சி, பங்குகளை ஒரே தொகுப்பாக வாங்கி விற்க ஓர் இடம் இருந்திருந்தால் அதிர்ச்சி சற்றுத் தணிந்திருக்கக்கூடும் என்று 1988-இல் கருதியது. அமெரிக்கன் ஸ்டாக் எக்ஸ்சேஞ்சில் இருந்த நேதன் மோஸ்ட், ஸ்டீவன் புளூம் இருவரும் அந்த யோசனையைப் பற்றிக்கொண்டார்கள். மோஸ்ட் சரக்கு வணிகத்திலிருந்து வந்தவர். அந்த வணிகத்தில் சரக்கு கிடங்கிலேயே கிடக்கும், ரசீதுதான் கைமாறும். பங்குகளையும் ஒரு காப்பாளரிடம் வைத்துவிட்டு, அவற்றின்மீதான உரிமையை மட்டும் சந்தையில் கைமாற்றலாம் என்பது அவர் கண்ட வழி. 1990-இல் கனடாவின் டொரன்டோ சந்தை முந்திக்கொண்டது. அமெரிக்காவில் எஸ் அண்ட் பி 500 குறியீட்டைப் பின்பற்றும் எஸ்.பி.டி.ஆர் என்ற இ.டி.எஃப் 1993 ஜனவரி 29 அன்று வர்த்தகத்துக்கு வந்தது.

இந்தியாவில் இ.டி.எஃப்-இன் பிறப்பு பொருள் பொதிந்த ஒரு நேரத்தில் நிகழ்ந்தது. 2001 ஜூலையில் யூ.டி.ஐ நிறுவனம் தன் புகழ்பெற்ற யூஎஸ்-64 திட்டத்தில் யூனிட் விற்பதையும் திரும்ப வாங்குவதையும் நிறுத்தியது. நாடெங்கும் நடுத்தரக் குடும்பங்கள் அரசு உத்தரவாதம்போல நம்பியிருந்த திட்டம் அது. அதன் அடிப்படைக் குறை எளிமையானது: உள்ளே இருந்த சொத்தின் மதிப்புக்கும் யூனிட்டுக்கு அறிவிக்கப்பட்ட விலைக்கும் தொடர்பு அறுந்திருந்தது. 2002 ஜனவரியில்தான் அத்திட்டம் என்.ஏ.வி அடிப்படைக்கு மாறியது. அதே மாதத்தில் பெஞ்ச்மார்க் என்ற சிறு நிறுவனத்தின் ‘நிஃப்டி பீஸ்’, இந்தியாவின் முதல் இ.டி.எஃப்-ஆக, தேசியப் பங்குச்சந்தையில் வர்த்தகத்துக்கு வந்தது. பின்னர் கோல்ட்மேன் சாக்ஸ், ரிலையன்ஸ் எனக் கைமாறி, இன்று நிப்பான் இந்தியா நிறுவனத்திடம் இருக்கிறது. சொத்து மதிப்பும் விலையும் பிரிந்தால் என்ன ஆகும் என்று நாடு பாடம் படித்த அதே காலத்தில், இரண்டையும் சேர்த்துப் பிடிப்பதையே வேலையாகக் கொண்ட ஓர் ஏற்பாடு இங்கே அறிமுகமானது.

யூனிட் உருவாகும் விதம்

சிறு முதலீட்டாளர் இ.டி.எஃப் யூனிட்டை ஃபண்ட் நிறுவனத்திடம் வாங்குவதில்லை. டீமேட் கணக்கு வழியாக, சந்தையில் இன்னொருவரிடம் வாங்குகிறார். அப்படியானால் புதிய யூனிட் எங்கிருந்து வருகிறது? ‘மார்க்கெட் மேக்கர்’ எனப்படும் நிறுவனங்கள் வழியாக வருகிறது. அவர்கள் குறியீட்டெண்ணில் உள்ள பங்குகளை அதே விகிதத்தில் ஃபண்டிடம் ஒப்படைத்து, அல்லது பணமாகக் கட்டி, மொத்தமாகப் புதிய யூனிட்டுகள் பெறலாம். யூனிட்டுகளைத் திருப்பிக் கொடுத்துப் பங்குகளையோ பணத்தையோ வாங்கிக்கொள்ளவும் செய்யலாம்.

ஒரு கற்பனைக் கணக்கைப் பார்ப்போம். நிஃப்டி இ.டி.எஃப் ஒன்றின் உள்மதிப்பு யூனிட்டுக்கு 280 ரூபாய். ஒரே சமயத்தில் பலர் வாங்க வந்ததால் சந்தை விலை 284 ரூபாய்க்கு ஏறிவிட்டது. மார்க்கெட் மேக்கர் 1.40 கோடி ரூபாய்க்கு நிஃப்டியின் ஐம்பது நிறுவனங்களின் பங்குகளையும் வாங்கி ஃபண்டிடம் கொடுத்து 50,000 யூனிட் பெறுகிறார். அவற்றைச் சந்தையில் 284-க்கு விற்றால் 1.42 கோடி. செலவுகள் போக இரண்டு லட்சத்தை ஒட்டிய லாபம். அந்த லாபத்துக்காக அவரைப்போலப் பலரும் விற்க வர, யூனிட் விலை 280-ஐ நோக்கி இறங்குகிறது. விலை 276 ஆகிவிட்டால் இதே வேலை தலைகீழாக நடக்கும். இரண்டு ஏரிகளை இணைக்கும் மதகு திறந்திருந்தால் நீர்மட்டம் தானாகச் சமமாவதுபோல, யூனிட் உருவாக்கமும் கலைப்பும் தடையின்றி நடந்தால் இரு விலைகளும் சமமாகிவிடுகின்றன. யாருடைய நல்லெண்ணமும் இதற்குத் தேவையில்லை; லாப நோக்கமே போதும்.

இந்த ஏற்பாட்டால் இன்னொரு நன்மையும் உண்டு. சாதாரண ஃபண்டில் பெரிய முதலீட்டாளர் ஒருவர் திடீரென வெளியேறினால், பங்குகளை விற்கும் செலவை உள்ளே இருப்பவர்கள் எல்லோரும் சுமக்கிறார்கள். இ.டி.எஃப்-இல் வெளியேறுகிறவர் தன் செலவைத் தானே ஏற்கிறார். நீண்ட காலம் இருப்பவருக்கு இது நியாயமான அமைப்பு.

குறைந்த செலவின் பலம்

சந்தையிலுள்ள எல்லா முதலீட்டாளர்களையும் சேர்த்தால் அதுதான் சந்தை. ஆகவே செலவுக்கு முன், ஃபண்ட் மேலாளர்கள் பங்கு தேர்ந்தெடுத்து நடத்தும் பணத்தின் சராசரி வருமானமும் குறியீட்டைப் பின்பற்றும் பணத்தின் சராசரி வருமானமும் ஒன்றாகவே இருக்க முடியும். செலவுக்குப் பின், அதிகச் செலவு செய்யும் முதல் கூட்டம் சராசரியில் பின்தங்கியே தீரும். நோபல் பரிசு பெற்ற வில்லியம் ஷார்ப் 1991-இல் முன்வைத்த கணக்கு இது. திறமையான தனி மேலாளர் ஒருவர் சந்தையை வெல்லலாம். எல்லோரும் வெல்ல முடியாது.

இந்தியாவில் பெரிய நிஃப்டி 50 இ.டி.எஃப்கள் சிலவற்றின் ஆண்டுச் செலவு விகிதம் 0.05 சதவீதத்தை ஒட்டியே இருக்கிறது. முகவர் வழியாக வாங்கும் லார்ஜ்கேப் ஃபண்டுகளில் இது 1.5 சதவீதத்தைத் தாண்டுவது சாதாரணம். 10 லட்சம் ரூபாய், 20 ஆண்டுகள், செலவுக்கு முன் ஆண்டுக்கு 12 சதவீத வளர்ச்சி என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். 0.05 சதவீதச் செலவில் அது ஏறத்தாழ 95.6 லட்சம் ஆகும். 1.75 சதவீதச் செலவில் 70.4 லட்சம். இடையில் உள்ள 25 லட்சம் ஒரு குடும்பத்தின் வீட்டுக் கடனையே அடைக்கக்கூடிய தொகை. இ.டி.எஃப்-க்கு ஆதரவான வாதம் முழுவதும் இந்த ஒரு வித்தியாசத்தில் அடங்கிவிடும்.

தெரியாத செலவுகள்

ஆனால் செலவு விகிதம் ஃபண்ட் நிறுவனம் எடுத்துக்கொள்வதை மட்டுமே சொல்கிறது. புரோக்கர் கட்டணமும், விற்கும்போது டீமேட் கட்டணமும் தனி. இவற்றையெல்லாம் விடப் பெரியது, வாங்குவோர் தரும் விலைக்கும் விற்போர் கேட்கும் விலைக்கும் உள்ள இடைவெளி.

அதிகம் கைமாறாத ஓர் இ.டி.எஃப்-இன் திரையைக் கூர்ந்து பாருங்கள். உள்மதிப்பு 99 ரூபாய் என்று வைப்போம். வாங்கக் காத்திருப்பவர் தரும் உச்ச விலை 98.40. விற்கக் காத்திருப்பவர் கேட்கும் குறைந்த விலை 99.60. இந்த நிமிடம் வாங்கி அடுத்த நிமிடம் விற்றால் யூனிட்டுக்கு 1.20 ரூபாய், அதாவது சுமார் 1.2 சதவீதம் போய்விடும். 0.05 சதவீதச் செலவு விகிதம் 24 ஆண்டுகளில் எடுக்கும் அளவை இது ஒரே சுற்றில் எடுத்துவிடுகிறது. அதோடு நிற்பதில்லை. 99.60-க்கு விற்பனைக்கு இருப்பது 40 யூனிட்தான், அடுத்த 100 யூனிட் 100.50-க்கு, அதற்கடுத்தது 102-க்கு என்றிருந்தால், ‘மார்க்கெட் ஆர்டர்’ போட்டு 500 யூனிட் கேட்கிறவரின் ஆர்டர் ஒவ்வொரு படியாக ஏறி எல்லாவற்றையும் வாங்கும். ‘லிமிட் ஆர்டர்’ போட்டு, இந்த விலைக்கு மேல் வேண்டாம் என்று சொல்லிவிட்டால் இந்தச் சேதம் நேராது.

குறியீட்டெண்ணிலிருந்து ஃபண்ட் எவ்வளவு பின்தங்குகிறது என்பது இன்னொரு செலவு. நிறுவனங்கள் இதற்கு இரண்டு எண்களை வெளியிடுகின்றன. ஒன்று ‘டிராக்கிங் டிஃபரன்ஸ்’: குறியீடு 12 சதவீதம் வளர்ந்து ஃபண்ட் 11.8 தந்தால் வித்தியாசம் 0.2. மற்றொன்று ‘டிராக்கிங் எரர்’: அந்த வித்தியாசம் நாளுக்கு நாள் எவ்வளவு ஏறி இறங்குகிறது என்பதன் அளவு. நீண்ட காலம் வைத்திருப்பவருக்கு முதல் எண்தான் முக்கியம். டிவிடெண்டையும் சேர்த்த மொத்த வருமானக் குறியீட்டோடு ஒப்பிட்டால்தான் அது சரியான ஒப்பீடு.

வழி அடைபடும்போது

இரு விலைகளையும் சமமாக்கும் வழி அடைபட்ட மூன்று நிகழ்வுகளை எடுத்துக்கொள்கிறேன்.

முதலாவது, 2015 ஆகஸ்ட் 24. சீனச் சந்தைச் சரிவின் பதற்றத்தில் அமெரிக்கச் சந்தை திறந்தது. பல பங்குகள் வர்த்தகமே தொடங்காமல் நின்றன. உள்ளே உள்ள பங்கின் விலை தெரியாமல் யூனிட்டின் சரியான விலையை மார்க்கெட் மேக்கர்களால் கணக்கிட முடியவில்லை, பின்வாங்கினார்கள். நன்கு அறியப்பட்ட சில இ.டி.எஃப்கள் உள்மதிப்பைவிட வெகு கீழே இறங்கின. அந்தச் சில நிமிடங்களில், விலை இறங்கினால் தானாக விற்கச் சொல்லி ‘ஸ்டாப் லாஸ்’ போட்டிருந்தவர்களின் யூனிட்டுகள் அடிமாட்டு விலைக்குப் போயின. அன்றே விலைகள் மீண்டன. விற்றவர்களுக்கு அது பயன்படவில்லை.

இரண்டாவது, வெளிநாட்டுக் குறியீடுகளைப் பின்பற்றும் இந்திய இ.டி.எஃப்கள். இந்திய மியூச்சுவல் ஃபண்ட் துறை முழுவதும் சேர்ந்து வெளிநாட்டுப் பத்திரங்களில் 700 கோடி டாலர், வெளிநாட்டு இ.டி.எஃப்களில் 100 கோடி டாலர் வரைதான் முதலீடு செய்யலாம். 2022 தொடக்கத்தில் முதல் வரம்பும், 2024-இல் இரண்டாவது வரம்பும் தொடப்பட்டன. புதிய பணம் வெளியே போக முடியாததால் புதிய யூனிட்டுகள் உருவாவது நின்றது. வாங்க விரும்பியவர்களின் எண்ணிக்கை மட்டும் குறையவில்லை. விளைவாக, நாஸ்டாக் 100 போன்ற குறியீடுகளைப் பின்பற்றும் இந்திய இ.டி.எஃப்கள் உள்மதிப்பைவிட மிக அதிக விலைக்குக் கைமாறின. சில நேரம் அந்தக் கூடுதல் பத்து சதவீதத்தையும் தாண்டியது. நம் வர்த்தக நேரத்தில் அமெரிக்கச் சந்தை மூடியிருப்பதால் ஒன்றிரண்டு சதவீத விலகல் இயல்பு. பத்து சதவீதம் இயல்பல்ல. பத்து சதவீதம் கூடுதலாகக் கொடுத்து வாங்கியவருக்கு, வரம்பு தளர்ந்து யூனிட் உருவாக்கம் மீண்டும் தொடங்கினால், நாஸ்டாக் ஒரு புள்ளிகூட இறங்காமலேயே அந்தப் பணம் கரைந்துபோகும்.

மூன்றாவது, 2025 அக்டோபரில் தீபாவளிக்கு முன் வெள்ளி இ.டி.எஃப்களில் நடந்தது. உலகளவில் வெள்ளிக்குத் தட்டுப்பாடு, உள்ளூரில் பண்டிகைக் கிராக்கி. இ.டி.எஃப்-இன் என்.ஏ.வி அப்போது லண்டன் விலையை அடிப்படையாகக் கொண்டிருந்தது. ஆனால் இங்கே கட்டி வெள்ளி அந்த விலைக்குக் கிடைக்கவில்லை. வெள்ளி கிடைக்காமல் யூனிட் உருவாக்க முடியாது. சந்தை விலை என்.ஏ.வி-யை வெகுவாகத் தாண்டியது. இ.டி.எஃப்-இல் முதலீடு செய்யும் தங்கள் வெள்ளி ஃபண்டுகளில் புதிய பணம் வாங்குவதைச் சில ஃபண்ட் நிறுவனங்களே தற்காலிகமாக நிறுத்தின. பணத்தை வாங்கிக்கொள்வதையே தொழிலாகக் கொண்ட நிறுவனங்கள், வேண்டாம் என்று சொன்ன அந்த நாட்களில்தான் கைப்பேசிச் செயலி வழியாகச் சாதாரண மக்கள் அதே வெள்ளியைக் கூடுதல் விலைக்கு வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

விற்பவருக்கு உள்ள பாதுகாப்பு

இந்தியப் பங்குச்சந்தைக் கண்காணிப்பு ஆணையமான செபி இந்தத் துறையைக் கவனிக்காமல் விட்டுவிடவில்லை. ஒவ்வொரு இ.டி.எஃப்-க்கும் குறைந்தது இரண்டு மார்க்கெட் மேக்கர்கள் இருக்க வேண்டும். வர்த்தக நேரத்தில் உள்மதிப்பை, அதாவது ஐ-என்.ஏ.வி-யை, வெளியிட்டுக்கொண்டே இருக்க வேண்டும், பங்கு இ.டி.எஃப்களுக்கு அதிகபட்சத் தாமதம் 15 விநாடி. செலவு விகிதத்துக்கும் உச்சவரம்பு உண்டு. மார்க்கெட் மேக்கர் அல்லாதவர் ஃபண்ட் நிறுவனத்திடம் நேரடியாக வாங்க, விற்க 25 கோடி ரூபாய்க்கு மேல் வேண்டும். ஆனால் சந்தை விலை தொடர்ந்து ஏழு வர்த்தக நாட்கள் என்.ஏ.வி-யைவிட 1 சதவீதத்துக்கு மேல் குறைந்திருந்தால், சிறு முதலீட்டாளரும் நிறுவனத்திடமே நேராகக் கொடுத்துப் பணம் பெறலாம்.

இந்தக் கடைசி விதி அருமையானது. ஆனால் இது விற்பவரை மட்டுமே காக்கிறது. விலை உள்மதிப்பைவிடக் கீழே போனால் சிறு முதலீட்டாளருக்கு ஒரு வழி இருக்கிறது. மேலே போனால் எதுவும் இல்லை. அண்மை ஆண்டுகளில் இந்தியாவில் மக்களைப் பெரிதாகப் பாதித்த இரண்டு சம்பவங்களும், வெளிநாட்டு இ.டி.எஃப்களும் வெள்ளியும், கூடுதல் விலை கொடுத்து வாங்கியவர்களின் கதைதான். ஐ-என்.ஏ.வி பொதுவெளியில் இருக்கிறது என்பது உண்மை. பங்குச்சந்தையின் தளத்திலும் ஃபண்ட் நிறுவனத்தின் தளத்திலும் தேடினால் கிடைக்கும். ஆனால் வாங்கும் பொத்தானை அழுத்துகிற இடத்தில், பல செயலிகளில், அது கண்ணில் படுவதில்லை.

குறியீட்டெண்ணே தரும் ஆபத்துகள்

யூனிட்டின் விலை சரியாக இருந்தாலும், உள்ளே இருப்பது என்ன என்ற கேள்வி மிச்சமிருக்கிறது. நிஃப்டி 50 என்றால் ஐம்பது நிறுவனங்கள். ஆனால் அதன் எடையில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு வங்கி, நிதித் துறையே இருக்கிறது. குறியீட்டைப் பின்பற்றுகிறவர் அதன் தவறுகளையும் பின்பற்றியாக வேண்டும். யெஸ் பேங்க் பங்கு 2018 ஆகஸ்டில் 400 ரூபாயை ஒட்டி இருந்தது. 2020 மார்ச்சில் அது நிஃப்டியை விட்டு வெளியேறும்வரை, விலை சரிந்த வழியெங்கும் நிஃப்டி இ.டி.எஃப்கள் அதை வைத்திருக்க வேண்டியிருந்தது. போதாததற்கு, வங்கியை மீட்கும் திட்டத்தில் 100 பங்குகளுக்கு மேல் வைத்திருந்தவர்களின் பங்குகளில் 75 சதவீதம் மூன்று ஆண்டுகளுக்கு முடக்கப்பட்டது. குறியீட்டிலிருந்து விலகிய பங்கை இ.டி.எஃப்களால் விற்று வெளியேற முடியவில்லை. எடை ஏற்கெனவே சுருங்கியிருந்ததால் நஷ்டம் தாங்கக்கூடியதாக இருந்தது. பரவலான குறியீட்டின் பலம் அதுதான்.

குறுகிய குறியீடுகளுக்கு அந்தப் பலம் இல்லை. ஒரு துறையோ ஒரு கருப்பொருளோ சூடு பிடித்தபின் அதற்கென்று இ.டி.எஃப் வெளியாவது வழக்கம். பென்-டேவிட், ஃபிரான்சோனி, கிம், மூசாவி ஆகியோர் அமெரிக்க இ.டி.எஃப்களை ஆராய்ந்து, இப்படிப்பட்ட சிறப்புத் திட்டங்கள் தொடங்கியபின் வரும் ஆண்டுகளில், ரிஸ்க்கைக் கணக்கில் கொண்டால் ஆண்டுக்குச் சுமார் 6 சதவீதம் பின்தங்கியதைக் கண்டார்கள். காரணம் புதிரல்ல. எல்லோரும் பேசும் நேரத்தில் பங்குகள் ஏற்கெனவே விலையேறிவிடுகின்றன. செபி 2019-இல் விதித்த வரம்புகள், அதாவது குறியீட்டில் குறைந்தது பத்துப் பங்குகள், ஒரே பங்குக்கு 25 சதவீதம், துறை சார்ந்த குறியீட்டில் 35 சதவீதம் என்பவை, அத்துமீறலைத் தடுக்குமே தவிர அவசர ஆசையைத் தடுக்காது.

தமிழ்க் குடும்பங்களின் கணக்கில்

இ.டி.எஃப் என்ற சொல்லையே கேள்விப்படாத பலர் ஏற்கெனவே அதோடு தொடர்புடையவர்கள். தொழிலாளர் வருங்கால வைப்பு நிதி அமைப்பு 2015 ஆகஸ்டில், புதிதாக வரும் பணத்தில் 5 சதவீதத்தை இ.டி.எஃப்களில் போடத் தொடங்கி, 2017-இல் அதை 15 சதவீதமாக உயர்த்தியது. திருப்பூர் பனியன் கம்பெனியிலோ ஒரகடம் கார் ஆலையிலோ பி.எஃப் பிடித்தம் உள்ளவரின் பணத்தில் ஒரு பகுதி நிஃப்டி, சென்செக்ஸ் பங்குகளில் இருக்கிறது.

தங்கம் இன்னும் நெருக்கமான விஷயம். 2007-இல் இந்தியாவின் முதல் தங்க இ.டி.எஃப் வந்தது. 99.5 சதவீதத் தூய தங்கம், செய்கூலி இல்லை, சேதாரம் இல்லை, லாக்கர் வாடகை இல்லை, சிறு தொகைக்கும் வாங்கலாம். அரசின் தங்கப் பத்திரம் 2024 பிப்ரவரிக்குப் பின் புதிதாக வெளியிடப்படாததால், சேமிப்புக்காகத் தங்கம் வாங்குகிறவருக்கு இது முக்கியமான வழியாகிவிட்டது. ஆனால் நோக்கம் மகள் கல்யாணத்து நகை என்றால், கடைசியில் இ.டி.எஃப்-ஐ விற்று நகை வாங்கும்போது செய்கூலியும் சேதாரமும் வரத்தான் செய்யும். தங்கத்தின் விலை ஏற்றத்திலிருந்து மட்டுமே இது காக்கும்.

இண்டெக்ஸ் ஃபண்டா, இ.டி.எஃப்-ஆ?

இதே குறியீடுகளை இண்டெக்ஸ் ஃபண்டுகளும் பின்பற்றுகின்றன. அங்கே டீமேட் வேண்டாம், மாதாமாதம் எஸ்.ஐ.பி-யில் போடலாம், பின்னப் பகுதி யூனிட்டும் கிடைக்கும், எப்போதும் என்.ஏ.வி விலைதான். செலவு விகிதம் இ.டி.எஃப்-ஐவிடச் சற்று அதிகம். அமெரிக்காவில் யூனிட்டுக்குப் பதில் பங்கைக் கொடுக்கும் முறையால் இ.டி.எஃப்-க்குப் பெரிய வரிச் சலுகை கிடைக்கிறது. அங்கே அது வென்றதற்கு இதுவும் ஒரு காரணம். இந்தியாவில் மியூச்சுவல் ஃபண்ட் உள்ளே செய்யும் வாங்கல் விற்றலுக்கு வரி இல்லை என்பதால் அந்தச் சலுகைக்கு இங்கே பொருளில்லை. பங்கு சார்ந்த இரண்டுக்கும் ஒரே வரி: ஓராண்டுக்குள் விற்றால் லாபத்தில் 20 சதவீதம், அதற்குப் பின் ஆண்டுக்கு 1.25 லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட லாபத்தில் 12.5 சதவீதம். அமெரிக்கக் கட்டுரைகளைப் படித்துவிட்டு இ.டி.எஃப்-ஐத் தேர்ந்தெடுப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

வான்கார்டு நிறுவனர் ஜான் போகல் இண்டெக்ஸ் முதலீட்டைப் பொதுமக்களுக்குக் கொண்டுவந்தவர், அவரே இ.டி.எஃப்-ஐ ஐயத்தோடுதான் பார்த்தார். நாள் முழுவதும் விற்கலாம் என்ற வசதி, நீண்ட காலம் வைத்திருக்க வேண்டியவரை அடிக்கடி விற்கத் தூண்டும் என்பது அவர் கவலை. ஆகவே மாதச் சம்பளத்தில் சேமிப்பவருக்கு இண்டெக்ஸ் ஃபண்டே பெரும்பாலும் பொருத்தம். மொத்தத் தொகையைப் பல ஆண்டுகளுக்கு வைக்கப்போகிறவருக்கும், தங்கம் வேண்டுபவருக்கும் இ.டி.எஃப் பொருந்தும்.

வாங்க முடிவு செய்தவர் பார்க்க வேண்டியவை நான்கு. குறியீடு பரவலானதா? தினசரி வர்த்தகம் போதுமானதா? சந்தை விலை ஐ-என்.ஏ.வி-யை ஒட்டி இருக்கிறதா? புதிய யூனிட்டுகள் இப்போது தடையின்றி உருவாகின்றனவா? கடைசிக் கேள்விக்கு ‘இல்லை’ என்று பதில் வந்தால், செலவு விகிதம் எவ்வளவு குறைவாக இருந்தாலும் அன்றைக்கு வாங்காமல் இருப்பதே நல்லது.

முதலீட்டாளரிடம் மட்டும் பொறுப்பைச் சுமத்துவது நியாயமில்லை. ஐந்தாயிரம் ரூபாய் போடுகிறவரிடம், மூன்று தளங்களைத் திறந்து கணக்குப் போட்டுப் பார் என்று சொல்லிவிட்டு ஒதுங்க முடியாது. வாங்கும் திரையில் சந்தை விலைக்குப் பக்கத்திலேயே ஐ-என்.ஏ.வி-யும், எத்தனை சதவீதம் கூடுதலாகக் கொடுக்கிறீர்கள் என்பதும் தெரிய வேண்டும். கூடுதல் ஒரு அளவைத் தாண்டினால் ஆர்டருக்கு முன் எச்சரிக்கை வர வேண்டும். புதிய யூனிட் உருவாக்கம் நின்றிருந்தால் அதையும் அங்கேயே சொல்ல வேண்டும். இந்த விவரங்கள் எல்லாம் சந்தையிடமும் ஃபண்ட் நிறுவனங்களிடமும் ஏற்கெனவே இருக்கின்றன. அவற்றைச் சிறு முதலீட்டாளரின் கண்ணுக்கு எட்டும் இடத்தில் வைக்க ஒரு செபி உத்தரவு போதும். அந்த உத்தரவை நாம் கேட்டுப் பெற வேண்டும்.